செல்லும் காசும் செல்லாக் காசும்

காசைப் பற்றிப் பேசும்போது தமிழர் வழங்கும் வினைச்சொல் ஒன்று ஆழ்ந்து நோக்கத் தக்கது. ஒரு காசு அழகானதா, கனமானதா என்று நாம் கேட்பதில்லை, "செல்லுமா, செல்லாதா?" என்றே கேட்கிறோம். ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்லுமாயின் அது காசு. வாங்கிக்கொள்ள எந்தக் கையும் நீளவில்லையெனில், அது பொன்னால் ஆனதாயினும் வெறும் உலோகத் துண்டுதான். எதற்கும் உதவாதவனைச் 'செல்லாக் காசு' என்று நம் வீட்டு மூத்த பெண்கள் ஏசுவதும் இந்தப் பொருளில்தான்.

இச்சொல்லை இன்று எடுத்துப் பேசக் காரணம் உண்டு. 2009-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பிட்காயின் என்னும் புதுவகைக் காசு பிறந்தது. அதனைப் பின்பற்றிக் கிரிப்டோ நாணயங்கள் ஆயிரக்கணக்கில் தோன்றின. இன்று அவற்றைப் பற்றிப் பேசாத குடும்பம் அரிது. "இது பெயர் மாற்றிக்கொண்ட சூதாட்டம்" என்கிறார், நிலமும் வீடும் வாங்கிப் பழகிய பெரியவர். "நாலு பவுன் வாங்கி வைத்தால் ஆபத்துக்கு உதவும், கண்ணால் காணாததை வாங்குவானேன்?" என்கிறார் தாயார். "இனி உலகமே இதில்தான்" என்கிறான் கைப்பேசியில் விலையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞன். "ஒருவன் இதில் வீடே கட்டிவிட்டானாம்" என்பார் ஒருவர். "ஒருவன் வீட்டையே விற்றுவிட்டானாம்" என்பார் மற்றவர். சபராளிகள் பாலைவெயிலில் ஈட்டி அனுப்பும் பணம் எந்தப் பேச்சை நம்பி எங்கே போகும் என்பதே இங்குள்ள கேள்வியாகும். ஆகவே இது வெறும் திண்ணைப் பேச்சன்று.

இந்த வாதம் புதியது போலத் தோன்றினாலும் இதன் வேர் பழையது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் தப்ரீஸ் நகரத்துக் கடைவீதியிலும் டில்லிக் கடைவீதியிலும் மக்கள் இதே வினாவைக் கேட்டார்கள். தம் விடையையும் சொன்னார்கள். அந்த வரலாற்றை அறிந்தவர்க்கு இன்றைய வாதத்தின் உண்மை நிலை எளிதில் புலப்படும்.

காசின் உயிர்நிலை

காசு என்பது யாது? 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தீனாரையும் திர்ஹமையும் கண்ணாடிக்கு ஒப்பிட்டார்கள். கண்ணாடிக்கெனத் தனி நிறமில்லை. ஆயினும் எல்லா நிறத்தையும் அது காட்டும். அவ்வாறே காசும் தன்னளவில் பயனற்றது. பிற பொருள்களின் மதிப்பைக் காட்டவே அது ஏற்பட்டது. அவர்களுக்கு மூன்று நூற்றாண்டுகள் முன்னரே, மதீனாவின் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மற்றொரு நுட்பத்தைச் சுட்டியுள்ளார்கள். மக்கள் தோலைத் தங்களுக்குள் காசாக வழங்க இசைந்துவிடுவார்களானால், அந்தத் தோலைப் பொன்னுக்கோ வெள்ளிக்கோ தவணை வைத்து மாற்றுவதைத் தாம் வெறுப்பதாக அவர்கள் கருத்துரைத்தார்கள். சட்ட நுணுக்கம் ஒருபுறமிருக்க, அக்கூற்றின் அடியில் கிடக்கும் உண்மையைப் பாருங்கள். தோல்கூடக் காசாகலாம், ஆனால் மக்கள் இசைய வேண்டும். காசின் உயிர்நிலை அந்த இசைவே.

சீனத்துக் காகிதம்

பொன்னும் வெள்ளியுமன்றி வேறொன்றைக் காசாக்கும் முயற்சியில் முதலில் வென்றவர்கள் சீனர்கள். சிச்சுவான் நாட்டு வணிகர்கள் வழங்கிய காகிதச் சீட்டைச் சுங் அரசு 1024-ஆம் ஆண்டில் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பின்னர் மங்கோலிய மாமன்னர் குப்ளாய் 1260-இல் 'சாவ்' எனப்பட்ட காகிதப் பணத்தை நாடெங்கும் செலுத்தினார்.

1340-களில் சீனத்தைக் கண்ட பயணி இப்னு பதூதா அந்தக் காகிதத்தை வியப்போடு வருணிக்கிறார். உள்ளங்கை அளவுடைய அச்சீட்டில் அரசு முத்திரை பதிக்கப்பட்டிருந்தது. கிழிந்த சீட்டை உரிய இடத்தில் கொடுத்தால் கட்டணமின்றிப் புதிய சீட்டுக் கிடைத்தது. கடைவீதியில் வெள்ளிக் காசை நீட்டினால் வாங்குவார் இல்லை. முதலில் அதனைச் சீட்டாக மாற்றிக்கொண்டு வா என்பர்.

வெள்ளியைத் தள்ளிக் காகிதத்தை மக்கள் கேட்டனர் என்றால் அந்நம்பிக்கை எவ்வாறு வளர்ந்தது? பல தலைமுறைப் பழக்கமும், கிழிந்த சீட்டையும் மதித்து மாற்றித் தந்த ஒழுங்குமே அதனை வளர்த்தன. ஆனால் அதே யுவான் அரசு, பிற்காலத்தில் போர்ச் செலவுக்காக அளவின்றிச் சீட்டு அடித்தது. 1350-களில் அந்தச் சீட்டின் மதிப்பு வீழ்ந்தது. 1368-இல் அந்த அரசே வீழ்ந்தது. மக்கள் தந்த இசைவை மக்களே மீட்டுக்கொண்டனர்.

தப்ரீஸின் மூடிய கடைகள்

சீனத்தில் வென்ற காகிதத்தை ஈரானில் நட்டுப் பார்க்க ஒரு முயற்சி நடந்தது. ஈரானை ஆண்ட ஈல்கானிய மங்கோலிய மன்னர் கைகாத்து, கருவூலத்தைக் காலி செய்த வள்ளல். வஸீர் ஸத்ருத்தீன், சீனத்து முறையைக் கையாண்டால் வெள்ளியெல்லாம் கருவூலத்துக்கு வந்து சேரும் என்று யோசனை கூறினார். 1294-ஆம் ஆண்டு தப்ரீஸ் நகரில் காகிதப் பணம் வெளியாயிற்று. அதில் சீன எழுத்துகள் இருந்தன. முஸ்லிம் மக்கள் மனமொப்பி வாங்குவதற்காகத் திருக்கலிமாவும் பொறிக்கப்பட்டிருந்தது. இதனை வாங்க மறுப்பவனுக்கு மரண தண்டனை என்று முரசறையப்பட்டது.

அதன் பின்னர் நடந்ததை வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் எழுதி வைத்துள்ளார். வாளுக்கு அஞ்சி மக்கள் முதற் சில நாள்கள் சீட்டை வாங்கினர். அதனைக் கொண்டு எதையும் வாங்க முடியவில்லை. வணிகர்கள் சரக்கை ஒளித்தனர். கடைகள் மூடப்பட்டன. ரொட்டி கிடைக்கவில்லை. பலர் நகரை விட்டே வெளியேறினர்.

ஒருநாள் மன்னர் கடைவீதி வழியே செல்லும்போது கடைகள் வெறிச்சோடிக் கிடப்பதைக் கண்டு காரணம் கேட்டார். "இவ்வூர்ப் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார், பெரியவர் இறந்தால் கடையடைப்பது தப்ரீஸ் மக்களின் வழக்கம்" என்றாராம் வஸீர். இறந்தது பெரியவர் அல்லர், வஸீரின் காசுதான் என்பதை மன்னருக்கு எடுத்துச் சொல்ல எவருக்கும் துணிவில்லை. மக்களோ ஜும்ஆப் பள்ளியில் கூடி அழுது முறையிட்டனர், கலகம் மூண்டது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டில் மன்னர் கொல்லப்பட்டார். வஸீரும் 1298-இல், பின்னர் வந்த ஆட்சியின் கொலைத் தண்டனைக்கு ஆளானார்.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. காகிதத்தில் இருந்த கலிமாவை தப்ரீஸ் முஸ்லிம்கள் உயிரினும் மேலாக மதித்தவர்கள். ஆயினும் அந்தக் காகிதத்தை அவர்கள் காசாக மதிக்கவில்லை. புனித வாசகம் ஈமானுக்குச் சான்றாகும். வஸீரின் கருவூலத்துக்கு அது ஜாமீன் ஆகாது என்பதை ரொட்டிக் கடைக்காரரும் அறிந்திருந்தார். 'ஹலால் நாணயம்' என்ற பெயர்ப்பலகையோடு இக்காலத்தில் விற்கப்படும் கிரிப்டோக்களைக் காணும்போது அந்த ரொட்டிக் கடைக்காரரை நினைத்துக்கொள்வது நலம்.

டில்லியின் செப்புக் காசு

தப்ரீஸ் நிகழ்ச்சிக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து டில்லியில் மற்றொரு முயற்சி நடந்தது. சுல்தான் முஹம்மது பின் துக்ளக் 1325 முதல் 1351 வரை ஆண்டவர், கல்வியிற் சிறந்தவர், ஆனால் எண்ணியதை அன்றே முடிக்கத் துடித்தவர். படையெடுப்புகளும் வாரி வழங்கிய கொடைகளும் கருவூலத்தைக் கரைத்தன. வெள்ளியும் தட்டுப்பாடாக இருந்தது. எனவே செம்பும் பித்தளையுமான நாணயங்களை அடித்து, அவை வெள்ளித் தங்காவின் மதிப்பிலேயே செல்லும் என்று ஆணையிட்டார். ஹிஜ்ரி 730, 731, 732-ஆம் ஆண்டுகள் பொறித்த அந்நாணயங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. சுல்தானுக்குக் கீழ்ப்படிந்தவர் ரஹ்மானுக்கே கீழ்ப்படிந்தவராவார் என்னும் பொருள் தரும் அரபு வாசகம் அவற்றில் காணப்படுகிறது.

இவ்வளவு வலிய வாசகம் எதற்கு? வெள்ளிக் காசுக்கு இத்தகைய உபதேசம் தேவைப்படவில்லையே! செப்புக் காசு தன் பலத்தில் செல்லாது என்ற ஐயம் அதனை அடித்தவருக்கே இருந்தது போலும்.

டில்லி மக்கள் தப்ரீஸ் மக்களைப் போலக் கடையை மூடவில்லை. வேறு வழி கண்டனர். அரசு அடித்த செப்புக்கும் கொல்லன் அடித்த செப்புக்கும் வேறுபாடு காண வழியில்லாதபோது, செம்பும் உளியும் உடையவன் எவனும் சுல்தானாகலாம் அல்லவா? வீடுதோறும் தங்கசாலை தோன்றியது என்று அக்கால வரலாற்றாசிரியர் பரனி எழுதுகிறார். கிராமத்தார் அதே செம்பால் வரி செலுத்தினர். அதே செம்பால் குதிரையும் ஆயுதமும் வாங்கினர். வெள்ளியையும் பொன்னையும் புதைத்து வைத்தனர். அயல்நாட்டு வணிகரோ செம்பை வாங்க மறுத்தனர்.

தோல்வியை உணர்ந்த சுல்தான் ஒரு நேர்மையைக் காட்டினார். செப்புக் காசைக் கொண்டு வருவோருக்குக் கருவூலத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் கொடுக்க ஆணையிட்டார். அரசு அடித்ததும் கள்ளமாக அடித்ததும் ஒன்றாகக் கலந்து வந்தன. துக்ளகாபாத்தில் அந்தச் செப்புக் காசுகள் மலைபோல் குவிந்து கிடந்தனவென்று பரனி குறிக்கிறார். மக்களின் ஏளனத்துக்கு ஆளான சுல்தான் தம் வாக்கைக் காக்கக் கருவூலத்தை இழந்தார். அவருடைய ஆட்சியில் அடங்கியிருந்த மஅபர் என்னும் நம் மதுரைப் பகுதியும் 1335 அளவில் பிரிந்துபோயிற்று. அங்கே ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தம் பெயரிலேயே நாணயம் அடித்துக்கொண்டார்.

இயந்திரம் அடைத்த வாசல்கள்

இம்மூன்று வரலாறுகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால், புதுக்காசு கெடும் வாசல்கள் மூன்று எனலாம். கள்ளக் காசு நுழைவது ஒன்று. அது டில்லியில் நடந்தது. அளவின்றி அடிப்பது மற்றொன்று. அது சீனத்தில் நடந்தது. மக்கள் மனம் ஒப்பாமை மூன்றாவது. அது தப்ரீஸில் நடந்தது.

பிட்காயினை வகுத்தவர் ஸதோஷி நகமோட்டோ என்ற புனைபெயர் பூண்டவர்; தம் திட்டத்தை 2008 அக்டோபர் 31-இல் வெளியிட்டார். முதலிரண்டு வாசல்களையும் அவர் திறம்பட அடைத்தார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஜமாஅத்தின் தஃப்தர் முத்தவல்லியின் அலமாரியில் மட்டும் இராமல், ஊரின் ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு நகல் இருப்பதாகக் கொள்வோம். எவர் எவருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற வரி ஒவ்வொரு நகலிலும் ஏறும். ஒரு வீட்டு நகலில் ஒருவன் கள்ளக் கணக்கு எழுதினால் மற்ற வீடுகள் அதனைக் காட்டிக்கொடுக்கும். பிட்காயின் அத்தகைய பொதுப் பேரேடு. ஆயிரக்கணக்கான கணினிகளில் அதன் நகல்கள் உள்ளன. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு புதிய பக்கம் சேர்கிறது. ஆகவே டில்லிக் கொல்லனுக்கு இங்கே வேலையில்லை. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் நாணயங்களுக்கு மேல் உண்டாகாதவாறு விதியும் அமைந்துள்ளது. புதிய பக்கம் எழுதுவோர்க்குத் தொடக்கத்தில் 50 நாணயம் பரிசு. அது ஏறக்குறைய நான்காண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. ஆகவே யுவான் அரசின் அச்சுப் பலகைக்கும் இங்கே இடமில்லை.

மூன்றாவது வாசலோ இயந்திரத்தின் ஆட்சிக்கு உட்பட்டதன்று. அது மனிதர் மனத்தில் உள்ளது. அதனைச் சட்டத்தால் அடைத்துவிடலாம் என்று நம் காலத்தில் ஒரு நாடு முயன்றது.

எல் சால்வடாரின் சோதனை

மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடார் அறுபது லட்சத்துக்குச் சற்று மிகுந்த மக்களைக் கொண்ட சிறு நாடு. 2001 முதல் அமெரிக்க டாலரே அங்குப் பணம். அந்நாட்டு மக்களில் பெருந்தொகையினர் அமெரிக்காவில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றனர்; நாட்டின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவ்வாறு வருவது. வளைகுடாப் பணத்தில் அடுப்பெரியும் ஊர்களை அறிந்த நமக்கு அந்நாட்டின் நிலை எளிதில் விளங்கும்.

அதிபர் நயீப் புகேலே பிட்காயினைச் சட்டபூர்வப் பணமாக்க முன்வந்தார். அனுப்பும் கூலி மிச்சமாகும், வங்கிக் கணக்கு இல்லாத ஏழைக்கும் பணப் பரிமாற்றம் எட்டும் என்பன அவர் சொன்ன காரணங்கள். 2021 ஜூன் 9-இல் 84 உறுப்பினர் கொண்ட சபையில் 62 பேர் ஆதரவுடன் சட்டம் நிறைவேறியது. செப்டம்பர் 7-இல் நடைமுறைக்கு வந்தது. யாரேனும் பிட்காயினை நீட்டினால் வணிகர் அதனை ஏற்றாக வேண்டும் என்று அதன் ஏழாவது பிரிவு கூறியது. தப்ரீஸ் ஆணையின் வாள் இதில் இல்லை. அதன் சாயல் இருந்தது. கூடவே ஓர் இனிப்பும் இருந்தது. 'சீவோ' என்னும் அரசின் பணப்பைச் செயலியைக் கைப்பேசியில் ஏற்போர்க்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் இனாம்.

மக்கள் என்ன செய்தனர்? ஒரு சாரார் வீதியில் இறங்கி எதிர்த்தனர். நடைமுறைக்கு வந்த அன்றே பிட்காயினின் விலை கடுமையாகச் சரிந்தது. "காலையில் வாங்கிய பணம் மாலையில் குறைந்தால் நாளைச் சரக்குக்கு என்ன செய்வேன்?" என்பது சிறு வணிகர்களின் கவலை. தம் அடையாள எண்ணைக் கொண்டு வேறெவரோ 30 டாலரைப் பெற்றுவிட்டனர் என்ற முறையீடுகளும் எழுந்தன. 2022-இல் பொருளியல் ஆய்வாளர்கள் 1,800 குடும்பங்களை நேரில் விசாரித்தபோது, செயலியை ஏற்றவர்களில் பெரும்பாலோர் இனாமைச் செலவழித்த பின் அதனைத் திரும்பப் பார்க்கவில்லை என்பது தெரியவந்தது. 2023-ஆம் ஆண்டில் 88 விழுக்காட்டு மக்கள் ஒருமுறைகூடப் பிட்காயினைப் பயன்படுத்தவில்லை என்று அந்நாட்டுப் பல்கலைக்கழகக் கணிப்பு ஒன்று காட்டியது.

அந்த அதிபர் மக்கள் செல்வாக்கு இல்லாதவர் அல்லர். 2024 தேர்தலில் பெருவெற்றி பெற்றார். அவரை விரும்பிய மக்களே அவருடைய காசை விரும்பவில்லை. இறுதியில் பன்னாட்டு நிதியத்திடம் 140 கோடி டாலர் கடனுதவி வேண்டியிருந்தபோது சட்டம் தளர்த்தப்பட்டது. 2025 ஜனவரியில் செய்த திருத்தத்தின்படி பிட்காயினை ஏற்பதும் மறுப்பதும் வணிகரின் விருப்பமாயிற்று. வரியை அதில் செலுத்தவும் இயலாது. விலையேற்றத்தால் அரசின் கையிருப்பு மதிப்பு உயர்ந்திருந்தது மெய்யே. ஆயினும் ரொட்டிக் கடையில் டாலரே செலாவணியாக நின்றது.

புழங்கும் காசா, பந்தயக் காசா?

அப்படியாயின் இதனை வாங்குவோர் ஏன் வாங்குகின்றனர்? சிலருக்கு மெய்யான தேவை உண்டு. 2019-இல் லெபனான் வங்கிகள் மக்களின் வைப்புப் பணத்தை முடக்கின. அந்நாட்டுப் பணமும் பின்னர்த் தன் மதிப்பில் பெரும்பகுதியை இழந்தது. அங்கே டாலரோடு மதிப்புப் பிணைக்கப்பட்ட கிரிப்டோவை நாடியவர்களைப் பேராசைக்காரர் என்று கூறுவது நியாயமாகாது. ஆனால் பெரும்பாலோர் அதனைச் செலவிட வாங்குவதில்லை. விலை ஏறும், விற்கலாம் என்றே வாங்குகின்றனர். 2010 மே 22-இல் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். அன்று அது காசாகச் சென்றது. நாளை விலை ஏறும் என்று எல்லோரும் எண்ணிவிட்டால் இன்று எவர் அதைக் கொடுத்து ரொட்டி வாங்குவர்? ஏறும் என்ற நம்பிக்கையே அதனைச் செல்லவிடாமல் பெட்டியில் பூட்டுகிறது.

அந்த விலையோ ஓரிடத்தில் நிற்பதில்லை. 2021 நவம்பரில் 68,000 டாலருக்கு மேல் இருந்த ஒரு பிட்காயின், ஓராண்டில் 16,000-க்கும் கீழே இறங்கியது. 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. உச்சியில் வாங்கிப் பள்ளத்தில் விற்றவர் யார்? பெரும்பாலும் கடைசியாகச் செய்தி கேட்டவர், கடன் வாங்கிப் போட்டவர், நாளையே பணம் வேண்டியவர். பேரேடு நேர்மையாக இருந்தாலும் அதனைச் சுற்றிய மனிதர் நேர்மையாக இருப்பர் என்ற உறுதியும் இல்லை. 2014-இல் தொடங்கப்பட்ட 'ஒன்காயின்' என்பதற்குப் பின்னால் உண்மையான பேரேடே இல்லை; உலகெங்கும் எளிய மக்கள் இழந்தது நானூறு கோடி டாலருக்கு மேல். 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ் என்னும் பெருஞ்சந்தை திவாலாகி, அதன் தலைவர் 2024-இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

இது கிரிப்டோவுக்கு மட்டும் உரிய நோயன்று. 1982-இல் குவைத்தின் 'சூக் அல்-மனாக்' பங்குச் சந்தையில், பின்தேதியிட்ட காசோலைகளையே பணமாக எண்ணி வணிகம் நடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அது சரிந்தபோது செல்லாமற்போன காசோலைகளின் தொகை ஏறத்தாழ 9,400 கோடி டாலர். அங்கே கணினிப் பேரேடு ஏது? பேராசை ஒன்றே இருந்தது.

மார்க்க அறிஞர்களிடையிலும் இதுபற்றி ஒருமித்த கருத்தில்லை. எகிப்தின் தலைமை முஃப்தி 2018-இன் தொடக்கத்தில் பிட்காயின் வணிகத்தை விலக்கினார். இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில், நிச்சயமின்மையும் தீங்கும் இருப்பதால் கிரிப்டோவைப் பணமாகக் கொள்வது ஹராம் என்றது. நிபந்தனைகளோடு இதனைச் சொத்தாக ஏற்கும் அறிஞர்களும் உள்ளனர். இந்திய அரசு 2022 ஏப்ரல் முதல் இதன் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி விதித்தது. வரி வாங்குவதாலேயே அரசு இதனைப் பணமாக ஏற்றுவிட்டது என்று கருதுவோர் உளர், அது பிழை.

2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவை நாம் மறந்திருக்க முடியாது. 500, 1000 ரூபாய்த் தாள்கள் இனிச் செல்லா என்று அரசு ஒரு சொல் சொன்னது. அவை செல்லாமற் போயின. செல்லாது என்று ஆணையிடும் வல்லமை அரசுக்கு உண்டு. 'செல்லும்' என்று ஆணையிட்ட கைகாத்துவும் துக்ளக்கும் புகேலேயும் கண்டதோ வேறு. அந்தச் சொல்லை இறுதியாகச் சொல்லும் அதிகாரம் ரொட்டி விற்பவனிடமும் கீரை விற்பவளிடமுமே இருந்து வந்துள்ளது.

ஆகவே வீட்டில் இந்தப் பேச்சு எழும்போது பெரியவரின் ஐயத்தைப் பழமை என்று தள்ள வேண்டா. இளைஞனின் ஆர்வத்தைப் பைத்தியம் என்று ஏசவும் வேண்டா. இருவரும் சேர்ந்து கேட்கத்தக்க கேள்விகள் சில உள்ளன: இதனைக் கொடுத்தால் நம் தெருவில் அரிசி கிடைக்குமா? இதனை வாங்கச் சொல்பவருக்கு நாம் வாங்குவதால் ஆதாயம் உண்டா? இது முழுவதும் போய்விட்டால் பிள்ளையின் படிப்பும் பெண்ணின் நிக்காஹும் தடையின்றி நடக்குமா? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைத்த பின்னரே பெட்டியின் பூட்டைத் திறக்க வேண்டும். தப்ரீஸின் ரொட்டிக் கடைக்காரர் வாளின் முன் நின்றும் இவ்வளவு நிதானம் காட்டினார். வாள் ஏதுமின்றி, ஆசை ஒன்றே எதிரே நிற்கும் நாம் அதனினும் குறைந்த நிதானம் காட்டலாகுமா?